நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குத் தயாராகும் புதியவர்களுக்கு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

குழந்தைகளின் அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்டும் ஒரு சைக்கிள் பயணத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர் பெயர் கொடுத்தோம். திருவான்மியூரில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் சென்று திரும்ப வேண்டும். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். எங்களில் ஐவர் பள்ளி நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை. மூன்று மாதப் பயிற்சியில் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒன்று பழுதானது. சில வாரங்களில் சைக்கிள், சில வாரங்களில் ஆள். சரிசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரே கோளாறை நான்காம் முறையாகச் சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்து சரிசெய்த நாளில் எழுதத் தொடங்கிய குறிப்பு இது.

உங்களுக்குரிய அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்கு நேரே செல்லலாம். ஒவ்வொன்றிலும் காரணங்கள் செலவில்லாததில் தொடங்கிச் செலவு மிகுந்ததில் முடிகின்றன. முதல் சோதனையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். எங்கள் குழுவில் வீணான பணம் அத்தனையும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததால் போனதுதான். கையில் இருக்க வேண்டியவை: ஆலன் கீ (அறுகோண முனையுள்ள திருகுசாவி) கட்டு ஒன்று, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், மாற்று டியூப், அளவு காட்டும் பம்ப், செயின் எண்ணெய், பழைய பருத்தித் துணி.

## அறிகுறி: டயரில் காற்று நிற்பதில்லை

ஓட்டாமலே இரவோடு இரவாக இறங்கினால்

எல்லா டியூபும் சிறிது சிறிதாகக் காற்றை இழக்கும். மெல்லிய டயர் உள்ள சைக்கிளுக்கு வாரம் ஒருமுறையாவது காற்றடிக்க வேண்டும் என்பது பஞ்சர் அல்ல, இயல்பு. ஓர் இரவுக்குள் தொய்ந்துவிட்டால் முதலில் வால்வைப் பாருங்கள். வால்வின் வாயில் எச்சிலைத் தடவினால் குமிழி வருகிறதா என்பது தெரிந்துவிடும். பழைய கருப்புச் சைக்கிள்களில் உள்ள வால்வுக்குள் ஒரு சிறு ரப்பர் குழாய் இருக்கும். அது வெடித்திருந்தால் சில ரூபாயில் மாற்றிவிடலாம். எங்களில் ஒருவர் தம் தந்தையின் சைக்கிளையே ஓட்டினார். இரண்டு டியூப் வாங்கிய பிறகுதான் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வாக இருந்தால், உள்ளே உள்ள ஊசியை அதற்குரிய மூடியால் சற்று இறுக்கினாலே போதும்.

ஓடும்போது இறங்கினால்

டியூபைக் கழற்றியவுடன் ஒட்டத் தொடங்காதீர்கள். ஓட்டை எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

அருகருகே இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்ததுபோல் இருந்தால், காற்று குறைவாக இருந்து குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் இடையே டியூப் நசுங்கியிருக்கிறது. முள்ளைத் தேட வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த அளவைப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் அகல டயருக்குப் பெரும்பாலும் 80 முதல் 100 பி.எஸ்.ஐ. வரையிலும், தடித்த மலைச் சைக்கிள் டயருக்கு 40 முதல் 50 வரையிலும் இருந்தால் நம் சாலைகளுக்குச் சரியாக இருக்கும். அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் நண்பரை நம்ப வேண்டாம். 50-க்கும் 90-க்கும் உள்ள வேறுபாடு விரலுக்குத் தெரியாது.

டியூபின் வெளிப்பக்கத்தில், அதாவது சாலையைப் பார்த்த பக்கத்தில், ஒற்றை ஓட்டை இருந்தால், குத்திய பொருள் பெரும்பாலும் டயருக்குள்ளேயே இருக்கிறது. நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி, முடி போன்றது, கண்ணுக்கு எளிதில் படாது. டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் பருத்தித் துணியால் துடைத்தால் துணி சிக்கும் இடத்தில் அது அகப்படும். விரலால் தடவினால் அடுத்த ஓட்டை விரலில் விழும். இதற்கு ஒரு பழக்கம் மிகவும் உதவுகிறது: டயரை மாட்டும்போது அதன் பெயர் அச்சிட்ட இடம் எப்போதும் வால்வுக்கு நேராக இருக்கட்டும். டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தொலைவில் இருந்தால், டயரிலும் பெயரிலிருந்து ஒரு சாண் தொலைவில், இருபுறமும் தேடினால் போதும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே சக்கரம் மூன்று முறை பஞ்சரானது, இந்தத் தேடலை நாங்கள் செய்யாததால்தான்.

உட்பக்கத்தில், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை இருந்தால், ரிம்மின் மேல் சுற்றியிருக்கும் பட்டை விலகி, ஸ்போக்கின் முனையோ அதன் துளை விளிம்போ டியூபைக் குத்துகிறது. பட்டையை நேராக்குங்கள், நைந்திருந்தால் புதியது போடுங்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை, டியூபை மாற்ற வேண்டும்.

ஒட்டிய ஒட்டே பெயர்ந்தால்

உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் பசையைத் தடவிய பின், அது தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை நான்கைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டியது நிற்காது. சாலையோரத்தில் நின்று ஐந்து நண்பர்கள் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பொறுமை வராது. ஆகவே வழியில் மாற்று டியூபைப் போட்டுக்கொண்டு, ஒட்டும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்வதே நல்லது.

கடைக்குப் போக வேண்டிய கட்டம்

டயரின் தேய்ந்த பகுதியில் நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் கீறி டியூப் பிதுங்கினாலோ டயரை மாற்ற வேண்டியதுதான். வீடு வந்து சேர மட்டும், ஒரு பத்து ரூபாய் நோட்டை நான்காக மடித்துக் கீறலின் உட்புறத்தில் வைத்து, காற்றைச் சற்றுக் குறைவாக அடித்து மெதுவாக ஓட்டலாம். ரிம் நசுங்கியிருந்தால் சக்கரம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்போக்கை நீங்களே திருகிப் பார்க்காதீர்கள். ஒன்றை இறுக்கினால் எதிர்ப்புறம் கோணும்.

## அறிகுறி: செயின் கழல்கிறது, அல்லது கியர் தானாக மாறுகிறது

ஏற்றத்தில் மட்டும் நடந்தால்

இந்தச் சாலை பெரும்பாலும் சமதளம். முட்டுக்காடு பாலத்தின் ஏற்றமே புதியவர்களின் செயின் கழலும் இடம். ஏற்றம் தொடங்கிய பிறகு, காலால் முழு வலுவோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றுவதுதான் காரணம். பாலத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் அந்த ஒரு சுற்றில் மிதியின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். செலவு ஏதுமில்லை.

முன்பல்லில் (பெடல் பக்கத்துப் பற்சக்கரம்) பெரியதும் பின்பல்லில் (பின்சக்கரத்துப் பற்சக்கரம்) பெரியதுமாக, அல்லது இரண்டிலும் சிறியதாக வைத்து ஓட்டினால் செயின் குறுக்காக இழுபட்டு உரசும், தாவும். இதுவும் பழக்கக் கோளாறுதான்.

சமதளத்திலும் நடந்தால்

செயினைத் துணியால் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள். கடற்கரைக் காற்றில் ஒரே வாரத்தில் துருப் பிடிக்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்த கருப்புப் பசை கண்ணிகளை இறுக்கிவிடும். துடைத்த பின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, சிறிது நேரம் கழித்து மேற்புறத்தில் உள்ளதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எங்களில் ஒருவர் அதையும் முயன்றார்.

அதன் பிறகும் பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், பின் கியர் கருவியில் (செயினை ஒரு பின்பல்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது) கம்பி நுழையும் இடத்திலுள்ள திருகு உருளையை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. கால் சுற்றுக்கு ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

திருகியும் சில பற்களில் மட்டும் சரியாகாவிட்டால்

சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து, பின் கியர் கருவியின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலுள்ள பல்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். உட்புறம் சாய்ந்திருந்தால், கருவியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு வளைந்திருக்கிறது. சைக்கிள் வலப்புறமாக விழுந்திருக்கலாம். காரில் வலப்புறம் கீழாகக் கிடத்திக் கொண்டுவந்திருக்கலாம். எங்கள் தோழி ஒருவரின் சைக்கிளுக்கு ஒரு கடையில் பின் கியர் கருவி முழுவதையும் மாற்றினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. பிறகு வேறொருவர் இந்தத் துண்டை நிமிர்த்தியவுடன் எல்லாம் அடங்கியது. அந்தத் துண்டின் விலை, மாற்றிய கருவியின் விலையில் சிறு பங்குதான். கையால் வளைத்தால் அது முறியும் என்பதால், நிமிர்த்தும் வேலைக்கு அளவுகோல் கருவி வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள்.

கடைசியாகச் செயினின் தேய்மானம். அங்குல அளவுகோலின் தொடக்கத்தை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், அடுத்த ஆணியிலிருந்து எண்ணி, 12 அங்குலத்தில் 24-ஆம் ஆணி சரியாக வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பல் தொகுதியும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். செயின் பின்சக்கர ஸ்போக்குகளுக்குள் விழுகிறது என்றால் மட்டும், மேலே சொன்ன எதையும் செய்து பார்க்காமல் உடனே இறங்கித் தள்ளிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ஓடும்போது அது சிக்கினால் சக்கரமும் போகும், ஆளும் விழுவார்.

## அறிகுறி: மிதிக்கும்போது "டக், டக்" என்ற ஒலி

மிதிப்பதை நிறுத்தி உருண்டு பாருங்கள். ஒலி தொடர்ந்தால் அது சக்கரத்தில் இருக்கிறது; நின்றால் மிதியிலோ அதன் அச்சிலோ இருக்கிறது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். அப்போது மறைந்தால் குற்றவாளி சீட்டு அல்லது அதன் தண்டு, அதைக் கழற்றித் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

மிதியில் என்றால் முதலில் பெடல்களை இறுக்குங்கள். இடப்புறப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதை இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் வலுக்கட்டாயமாகக் கழற்றிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு குழுவிலும் காணலாம். பெடலை நடு அச்சோடு இணைக்கும் தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஓட்டக் கூடாது. தளர்ந்த தண்டோடு பத்துக் கிலோமீட்டர் மிதித்தால் அதன் சதுரத் துளை விரிந்து, இறுக்கினால் முடிந்திருக்கும் வேலை புதிய தண்டு வாங்குவதில் போய் நிற்கும். எல்லாம் இறுகியிருந்தும் ஒலி நிற்கவில்லை என்றால் நடு அச்சின் பேரிங். அதற்குரிய கருவிகள் வீட்டில் இருக்காது, கடைக்காரரிடம் விடுங்கள்.

## அறிகுறி: முழங்கால் வலி

எங்கள் ஆறு பேரில் நால்வருக்கு வந்தது. நால்வருக்கும் மருந்தும் முழங்கால் உறையும் வாங்கிய பிறகுதான் சீட்டின் உயரத்தைப் பார்த்தோம்.

முன்பக்கம், முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால்

சீட்டு தாழ்ந்திருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று புதியவர்கள் விரும்புவதால் இப்படி நேர்கிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்பக்கம் இறங்கித் தரையில் கால் ஊன்றும் பழக்கத்தை ஒரு மாலை முழுவதும் காலி மைதானத்தில் பயிலுங்கள். அச்சம் போனால் சீட்டு தானாக உயரும்.

உயரம் சரியாக இருந்தும் வலித்தால் கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறீர்கள். 15 நொடியில் ஒரு கால் எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணுங்கள். 15-க்குக் குறைந்தால், அதாவது நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே போனால், இலகுவான கியருக்கு மாற்றுங்கள். பழகப் பழக 80 வரை கொண்டுவரலாம்.

பின்பக்கம் வலித்தால்

சீட்டு மிக உயர்ந்திருக்கிறது. பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடினால் ஐந்து மில்லிமீட்டர் இறக்குங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பின்பே மறுபடி மாற்ற வேண்டும். பழைய உயரத்தில் ஒரு துண்டு மின்நாடாவை (இன்சுலேஷன் டேப்) ஒட்டிவைத்தால் குழப்பம் வராது.

எங்கே என்று சொல்ல முடியாமல் வலித்தால்

தூரத்தை ஒரேயடியாக ஏற்றியிருப்பீர்கள். சென்ற வாரம் 30 ஓட்டியவர் இந்த வாரம் 60 ஓட்டினால் எந்தச் சீட்டு உயரமும் காப்பாற்றாது. ஒரு வாரம் குறைத்து, பிறகு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஏற்றுங்கள்.

வீக்கம் இருந்தாலோ, முழங்கால் திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் மடங்கி விட்டுப்போனாலோ, ஒரு வார ஓய்வுக்குப் பிறகும் படியிறங்க வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடர்வது வழியல்ல.

## அறிகுறி: கை மரத்துப்போகிறது, உட்காருமிடம் வலிக்கிறது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் எடை அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே சரிந்து முழு எடையும் கைகளில் இறங்கும்; சீட்டை மட்டமாக்கினாலே பாதி குறையும். முழங்கையைச் சற்று மடக்கி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். அடுத்த நாளும் மரப்பு நீங்கவில்லை, பொத்தான் போட விரல் தடுமாறுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உட்காரும் எலும்புகளில் வரும் வலி இரண்டு வாரத்தில் பழகிவிடும். மெத்து வைத்த கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும் என்பதைப் பலர் கூச்சத்தால் கேட்பதில்லை. உள்ளாடையின் தையல்தான் தோலை உரசுகிறது. சீட்டின் மேல் போடும் பஞ்சு உறை முதல் ஐந்து கிலோமீட்டருக்குச் சுகமாகவும் அதன் பிறகு மோசமாகவும் இருக்கும். வலி அல்லாமல் மரப்பு ஏற்பட்டால் பழகும் என்று விடக் கூடாது. சீட்டின் மூக்கை இம்மியளவு தாழ்த்தி, அவ்வப்போது எழுந்து நின்று மிதித்து, அப்படியும் நீங்காவிட்டால் சீட்டை மாற்ற வேண்டும்.

## அறிகுறி: பிரேக் கத்துகிறது அல்லது பிடிக்கவில்லை

ரிம் பிரேக் என்றால் ரிம்மைத் துடைத்து, கட்டையில் பதிந்த மணலைக் குண்டூசியால் எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கட்டையிலுள்ள வெட்டுக் கோடுகள் மறைந்திருந்தால் புதியது போடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் செயினுக்குத் தெளித்த எண்ணெய் தட்டில் பட்டிருக்கும். தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், எண்ணெய் குடித்த கட்டையை மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கின் பிடி, கைப்பிடியைத் தொடும் வரை உள்ளே போகிறது என்றால் அன்று ஓட்டக் கூடாது. கடைக்காரரின் வேலை அது.

## அறிகுறி: திடீரென்று கால் ஓடவில்லை, தலை சுற்றுகிறது

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வலுவெல்லாம் வடிந்தால்

சாப்பிடவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டு ஐந்து மணிக்குப் புறப்பட்டவர் கோவளத்தைத் தாண்டியவுடன் உட்கார்ந்துவிடுவார். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லியும், சாலையில் அரை மணிக்கு ஒருமுறை பாதி வாழைப்பழமோ நான்கைந்து பேரீச்சம்பழமோ போதும். பசித்த பிறகு தின்றால் தாமதம்.

தசை பிடித்தால், தலை வலித்தால்

நீரும் உப்பும் குறைந்திருக்கின்றன. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், வெயில் ஏறினால் கூடுதலாக, சிறிது சிறிதாகக் குடியுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அளவுக்குச் சோடியம் இல்லை. உப்புப் போட்ட நீர்மோரோ, ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ மேல். பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்துக் குடிக்காதீர்கள்.

பேச்சு குழறினால், குழப்பமாகப் பேசினால், மயங்கினால், நெஞ்சு வலித்தால்

சோதனை எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வெப்பத் தாக்கு என்று தோன்றினால் வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரை ஊற்றி விசிறுங்கள்; நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: போகும்போது பறந்தோம், திரும்பும்போது குழு சிதறியது

இதற்குச் சைக்கிளைத் திருகிப் பயனில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, மாமல்லபுரம் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். அதைத் தம் கால் வலு என்று எண்ணியவர்கள் திரும்பும்போது முகத்தில் அறையும் அதே காற்றில் ஒவ்வொருவராகக் கழன்றுபோவார்கள். புறப்படும்போதே கொடியோ தென்னங்கீற்றோ எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். போகும்போதே எளிதாக இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழு அப்படியும் சிதறினால், மிக மெதுவாக ஓட்டுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூச்சு வாங்காமல் பேச முடியாவிட்டால் குழுவின் வேகம் அதிகம். அவரையே வேகத்தைத் தீர்மானிக்க விட்டு, எதிர்காற்றில் வலுவானவர்கள் முறைவைத்து முன்னால் போய்க் காற்றைத் தாங்க வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். பேருந்துகள் உரசிச் செல்லும் சாலை என்பதால், இருவர் இணையாக ஓட்டிக்கொண்டு பேசுவதை நிறுத்தத்துக்கு ஒத்திவையுங்கள். இதுவும் பயன் தராவிட்டால் குழுவை இரண்டாகப் பிரிப்பதே வழி. ஆனால் பம்பும் மாற்று டியூபும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நாங்கள் பிரிந்த முதல் நாளில் இரண்டு பம்பும் முன்னால் போன குழுவிடம் இருந்தன, பஞ்சர் பின்னால் வந்தவர்களுக்கு ஆனது.

## அறிகுறி: சர்வீஸ் செய்த பிறகு புதிதாகக் கோளாறு

புதிய கம்பிகள் முதல் சில பயணங்களில் தளர்ந்து கியர் தடுமாறும். புதிய பிரேக் கட்டை படிய நேரம் எடுக்கும். ஆகவே சர்வீஸைப் பயணத்துக்கு முதல் நாள் செய்யாமல் பத்து நாள் முன்னதாக முடித்து, அதன் பின் ஒருமுறையாவது 40 கிலோமீட்டர் ஓட்டி, தளர்ந்ததை அதே கடையில் இறுக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சீட்டு, காலணி, டயர் எதையும் மாற்ற வேண்டாம். காற்று மட்டும் அன்று காலையில் அடித்தால் போதும்.